கரண்டி பிடித்தவள்

ஒன்றைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு, அதைச் செய்யத் தெரிந்திருப்பது வேறு என்று கில்பர்ட் ரைல் 1949-இல் வெளியான தன் நூலில் பிரித்துக் காட்டினார். தத்துவ மாணவியான எனக்கு அது பத்து மதிப்பெண் கேள்வி.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில், ஒரு பள்ளிக்கு இடுப்பளவுச் சுவர் கட்டப் பன்னிரண்டு மாணவிகள் போனோம். கொத்தனார் பொறுமைசாலி. செங்கலை நனைத்துத்தான் வைக்க வேண்டும். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும். கீழ்வரிசை இணைப்புக்கு நேர்மேலே இன்னோர் இணைப்பு வரக்கூடாது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். மூன்றாம் நாளே என் கையில் கரண்டி. சாந்து கல்லின்மேல் சீராகப் பரவும் சத்தத்துக்காகவே இன்னும் பத்து வரிசை வைக்கலாம் போலிருந்தது.

சாந்துச் சட்டியை இறக்கிவைத்த சித்தாள் அக்கா, "மூணாவது கல்லு வெளிய தள்ளுது பாப்பா" என்றார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம். தள்ளித்தான் இருந்தது. இருபது வருடமாகச் சட்டி சுமப்பவர். கரண்டியை அவரிடம் நீட்டினேன்.

"நீ புடிச்சா படிப்பு. நான் புடிச்சா கொத்தனாரு பொழப்புல கை வெச்ச மாதிரி."

கொத்தனார் சிரித்தார், மறுக்கவில்லை. அவரும் சட்டி தூக்க வந்தவர்தான். மூன்றே வருடத்தில் கரண்டி பிடித்துவிட்டார்.

செய்யத் தெரிந்த அறிவு செய்வதில்தான் வெளிப்படும் என்பார் ரைல். செய்யவே விடாத ஒருத்தியின் அறிவை எங்கே தேடுவது? சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஒரே கூலி என்றது. வேலையையே கொத்தனார், சித்தாள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் சட்டம் எந்த வழியாக நுழையும்?

நான் கற்காமல் இருந்திருந்தால் அக்காவின் கைக்குக் கரண்டி வந்திருக்காது. அதனால் கற்றதற்காக நான் வெட்கப்படவில்லை. "பெண்களாலும் சுவர் கட்ட முடியும்" என்ற பதாகையைப் பிடித்துக்கொண்டு கடைசி நாளில் படம் எடுத்துக்கொண்டோமே, அங்கேதான் உறுத்தியது. அந்த 'உம்' யாருக்காக? அதை எழுதிக் கொடுத்தவளும் நான்தான்.

அக்காவையும் படத்துக்குக் கூப்பிட்டேன். "வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணி ஊத்தணும், இல்லாட்டி வெடிச்சிரும்" என்று நாங்கள் கட்டிய சுவரின் பக்கம் குடத்தோடு போய்விட்டார்.