கரிய திருமேனியும் நமது நிற மோகமும்

திருவிழா மலர் என்றால் தலபுராணமும் விரத மகிமையும் இடம்பெறுவதே வழக்கம். ஆயினும் ஆலய மண்டபத்திலேயே அடிக்கடி காதில் விழும் ஒரு விடயத்தை இம்மலரில் எழுதுவது பொருத்தமானது எனக் கருதுகிறேன். இப்போது பலர் வீட்டுக்குச் சென்று பெண் பார்ப்பதில்லை. கோயிலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். பின்னர் தரகர் மூலம் பதில் வரும்: "பிள்ளை நல்ல பிள்ளைதான், நிறந்தான் கொஞ்சம் குறைவு." கறுப்பும் ஒரு நிறந்தானே! அது எவ்வாறு குறைந்த நிறமாயிற்று? அதே மாப்பிள்ளை கறுப்பாக இருந்தால் மட்டும் "களையான கறுப்பு" என்கிறோம்.

இதைச் சொல்பவர்கள் நாத்திகர்கள் அல்லர். சற்று முன்னர் அம்பாளைக் கும்பிட்டு விபூதி பூசியவர்கள். எமது மூலஸ்தானத்து அம்பாள் கருங்கல் திருமேனி. எண்ணெய்க்காப்புச் சாத்தும்போது அக்கருமை மேலும் மினுங்குவதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். கண்ணன் கார்மேக வண்ணன், இராமனும் அவ்வாறே. பாரதத்தில் திரௌபதிக்குக் கிருஷ்ணை என்ற பெயரும் உண்டு. கரியவள் என்பதே அதன் பொருள். அவளுடைய சுயம்வரத்துக்குத்தான் தேசத்து மன்னர்களெல்லாம் திரண்டு வந்தார்கள். "அதெல்லாம் சாமிக்குச் சரி ஐயா" என்றார் ஓர் அன்பர். சாமிக்கு அழகாக இருப்பது மனிதப் பிள்ளைக்கு ஏன் குறையாகிறது என்று கேட்டேன். அவர் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இது காலங்காலமாக உள்ளதுதானே என்பாரும் உளர். எமது மக்களைப் பொறுத்தவரை அது முழுவதும் சரியன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து இம்மலைகளுக்கு வந்த எம் முன்னோர் மாரியம்மனோடு கருப்பண்ணசாமியையும் கூட்டிக்கொண்டே வந்தனர். தம் பிள்ளைகளுக்குக் கருப்பையா, கருப்பாயி என்று மனமுவந்து பெயர் சூட்டினர். அரச எழுதுவினைஞராக இருந்த காலத்தில் பழைய பெயர்ப் பதிவேடுகளைப் புரட்டும் வாய்ப்பு எனக்கிருந்தது. முற்பட்ட பக்கங்களில் கருப்பாயிகள் ஏராளம். பிற்பட்ட பக்கங்களில் அப்பெயர் அருகிக்கொண்டே வந்து, ஈற்றில் காணாமலே போயிற்று. பெயருக்கும் நாகரிகம் மாறுவது இயல்புதான். ஆனால் ஒரு தலைமுறை குலதெய்வத்தை எண்ணி ஆசையோடு வைத்த பெயர், பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கேலிப் பெயராகிவிட்டதே!

நம்மவர்களின் கருமை எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி பிறப்பில் வந்தது. தோலிலுள்ள மெலனின் என்னும் நிறமி சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் கவசமாகும். மறுபகுதி மலையில் கிடைத்தது. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழப் பத்து வீதம் என்ற அளவில் அக்கதிர்களின் வலிமை கூடுகிறது என்பர். நாலாயிரம் அடிக்கு மேலுள்ள வட்டகொடையில், குளிர்கிறதே என்று நினைத்துக்கொண்டே கொழுந்து பறிக்கும் தாய்மாரின் முகத்தை வெயில் எரித்துவிடுகிறது. அந்த முகம் கறுத்த சம்பளத்தில்தான் மகள் படித்தாள். படித்த மகளுக்கு வரன் தேடும்போது, தாயைப்போல் கறுத்துவிடாதே என்று அந்தத் தாயே சொல்லுகிறாள். இதைவிட வேதனையானது வேறொன்றை நான் அறியேன்.

இந்த வேதனையை விற்றுப் பிழைப்போர் பலர். பெயார் அன்ட் லவ்லி களிம்பு 1975 இல் இந்தியாவில் அறிமுகமானது. உலகெங்கும் நிறவெறிக்கெதிரான குரல் எழுந்த 2020 இல் அதன் பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாறியதே தவிர ஆசை மாறவில்லை. உற்பத்தியாளர் பெயரே இல்லாமல் விற்கப்படும் களிம்புகள் இன்னும் ஆபத்தானவை. இத்தகைய சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் வெளுக்கும், கூடவே சிறுநீரகமும் பழுதடையும். கருவிலுள்ள சிசுவையும் அது சென்றடையும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இணைந்துள்ளது. 2023 இல் காபொன், ஜமெய்க்கா ஆகிய நாடுகளோடு இலங்கையும் சேர்ந்து இக்களிம்புகளை ஒழிப்பதற்கென ஒரு கூட்டுத் திட்டத்தையே ஆரம்பித்தது. விடயம் அவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது. நமது பெண்பிள்ளைகளோ தொலைபேசியில் முகத்தை வெளுப்பாக்கிப் படமெடுத்துவிட்டு, அந்தப் படத்தைப்போல் ஆவதற்குக் களிம்பு தேடுகிறார்கள். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. கண்ணாடியில் குறை இருப்பதாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாமே.

தரகர்மார் கொண்டுவரும் விபரப் படிவத்தில் நட்சத்திரம், கல்வி, தொழில் என்பவற்றோடு 'நிறம்' என்றும் ஓர் இடம் விடப்பட்டிருக்கும். இந்தியாவின் பிரபல திருமண இணையத்தளமொன்று இத்தகைய நிறத் தெரிவை 2020 இல் நீக்கிவிட்டது. எமது தோட்டத்து அன்பரொருவர் அண்மையில் தம் மகளின் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுக் கொடுத்தார். தரகர் பேனையோடு திரும்பி வந்து, "இதையும் நிரப்பித் தாங்க, பொதுநிறம்னு போட்டா போதும்" என்றார். "வேணாம் தம்பி. அப்படியே கொண்டு போங்க" என்றார் அவர்.