வெடியும் நாயும்

சித்திரை வருடம் பிறக்கும் வேளையில் ஊரெங்கும் சீனவெடி அதிர்கின்றது. படலையடியில் கட்டப்பட்ட நாயொன்று சங்கிலியை இயன்றமட்டும் இழுத்து, கழுத்து இறுக, வாய்நீர் வழிய நடுங்குகின்றது. வீட்டுக்காரர் சிரிக்கின்றார். "உது வெறும் வெடியெல்லோ, உதுக்கேன் இப்பிடிப் பயப்பிடுறாய்?" என்கின்றார். அவர் கொடியவர் அல்லர். நாய்க்கு வேளை தவறாது சோறு வைப்பவர். ஆயினும் அந்த 'வெறும்' என்ற சொல்லைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டுமென நமக்குத் தோன்றுகின்றது.

வெடி வெறும் வெடியே என்பதை நாம் அறிவோம். ஏனெனில், திரியில் நெருப்பு வைப்பவர் நாம், பண்டிகையும் நமது, ஓசை எப்போது எழும், எப்போது ஓயும் என்பதும் நமக்குத் தெரியும். நாய்க்கு இவற்றுள் ஒன்றுமே தெரியாது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே கேட்கும். நாயின் செவியோ 45,000 வரை எட்டும். நமக்கு எட்டாத ஓசைகளும் அதன் உலகில் உண்டு. அப்படியிருக்க, அஞ்சாதவன் தன் அறிவைக் கொண்டு அஞ்சுபவனின் அச்சத்தை அளந்து, 'காரணமற்றது' எனத் தீர்ப்பு வழங்குவது முறையாகுமா?

1924 செப்டெம்பரில் லெனின்கிராட் நகரை வெள்ளம் சூழ்ந்தபோது, விஞ்ஞானி பாவ்லோவின் நாய்கள் ஆய்வுகூடத்துக் கூடுகளில் அகப்பட்டுக்கொண்டன. நீர் கூட்டின் உச்சிவரை ஏறிய தறுவாயில் பணியாளர் அவற்றை மீட்டனர். உயிர் தப்பிய நாய்கள் சிலவற்றிடம், நெடுநாள் பயிற்சியால் ஏற்படுத்திய பழக்கங்கள் குலைந்து போயிருந்தன. அவை ஒருவாறு தேறிய பின்னர், கதவின் கீழாகச் சிறிது நீரைக் கசியவிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சிறு நீரே அவற்றை மீண்டும் நிலைகுலையச் செய்யப் போதுமாயிருந்தது. வெறும் நீர்தானே! (அந்நாய்களைக் கூட்டில் அடைத்தவர்கள் யார் என்ற கேள்வியையும் நாம் மறந்துவிடலாகாது.)

நம் வடபுலத்து மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரும், கோயில் திருவிழா வெடியோசை கேட்டதும் நிலத்தில் குப்புற வீழ்ந்த சிறுவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களைப் பார்த்து எவரும் நகைக்கவில்லை. பதுங்குகுழியில் நம் காலடியில் ஒடுங்கிக் கிடந்த நாயின் நடுக்கம் மட்டும் நகைப்புக்குரியதாயிற்று.

அஞ்சிய விலங்கு ஓடும்; அன்றேல் ஒளியும். அதுவே இயற்கை அதற்கு அளித்த வழி. நாமோ நம் உடைமையைக் காப்பதற்காக அதைச் சங்கிலியில் பிணித்து, அந்த வழியை அடைத்துவிட்டோம். சங்கிலி இல்லாத வீடுகளில் மதிலும் படலையும் அதே வேலையைச் செய்கின்றன. ஆகவே, அஞ்சும் நாய்க்கு ஒளியிடம் கொடுப்பதை இரக்கம் என்று கூறிப் பெருமைப்பட நாம் விரும்பவில்லை. அது கடன்; பறித்த ஒன்றுக்கு ஈடு.

'தடவிக் கொடுத்தால் பயம் இன்னும் கூடும்' என்று கூறுவோர் பலர். இருக்கச் சொன்னபோது இருந்த நாய்க்கு இறைச்சித் துண்டு கொடுத்தால், இருக்கும் பழக்கம் வலுப்பெறும் என்பது உண்மையே. ஆனால் அச்சம் நாய் விரும்பிச் செய்யும் செயலன்று. கூலி பெறுவதற்காக எவரும் நடுங்குவதில்லை. அமெரிக்கப் பெண்மணி மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. முயலுக்கு அஞ்சிய சிறுவனொருவன் தனக்கு விருப்பமான உணவை உண்ணும் வேளையில், முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அண்மையில் கொணர்ந்தார். இறுதியில் சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். 'வெறும் முயல்தானே' என்று எவரும் அவனை முயலின்மேல் தள்ளவில்லை.

நாய்க்கும் வழி அதுவே. பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்னரே, ஒலிப்பதிவிலுள்ள வெடியோசையை நாய் பொருட்படுத்தாத அளவுக்குத் தாழ்த்தி ஒலிக்கவிட்டு, கூடவே அது விரும்பும் உணவைக் கொடுத்து, நாட்கள் செல்லச் செல்ல ஓசையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நடுக்கம் கண்டால் அவசரப்படாது முந்திய படிக்கே இறங்க வேண்டும். வெடி கொளுத்தும் நாளிலோ பாடம் நடத்தலாகாது. பொழுது சாயுமுன் வெளியே நடத்திக் கொண்டுவந்து, சங்கிலியைக் கழற்றி உள்ளே விட்டு, யன்னல்களைச் சாத்தி, வானொலியை மெல்லப் பாடவிடலாம். கட்டிலின் கீழோ குசினி மூலையிலோ அது புகுந்தால் இழுத்தெடுக்க வேண்டாம். அருகே வந்தால் தடவலாம். உணவையும் மறுத்து நடுங்கும் நாயை முன்கூட்டியே மிருக வைத்தியரிடம் காட்டுதல் நன்று. அதற்கு மருந்துகளும் உண்டு.

'மனிதன் துன்புறும் நாட்டில் நாய்க்கா இத்தனை பேச்சு?' என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் குசினி மூலையை ஓர் இரவுக்கு நாய்க்கு விடுவதால் எந்தத் தொழிலாளியின் கூலியும் குறையப்போவதில்லை. நம்மைத் தடுப்பது வறுமையா, அல்லது நம் மகிழ்ச்சியின் ஓசை பிறர் செவியில் எவ்வாறு விழுகின்றது என்று எண்ணிப் பாராத வழக்கமா?

தெருநாய்களின் காரியம் நம்மால் தீர்க்க இயலாததாகவே நிற்கின்றது. அவற்றுக்கு ஓட வழியுண்டு. ஓடிச் சேர ஓரிடமில்லை. சென்ற வருடப் பிறப்பன்று அவற்றுள் ஒன்று நம் விறாந்தையில் ஏறிச் சாக்கின்மேல் சுருண்டுகொண்டது. விரட்ட எழுந்த நாம் மீண்டும் அமர்ந்துகொண்டோம். அடுத்த வளவுப் பிள்ளைகளிடம், வெடி கொளுத்துமுன் ஒரு குரல் கொடுக்குமாறு வேலியால் எட்டிக் கேட்டோம். முதலில் சிரித்தார்கள்; பின்னர் ஒவ்வொரு முறையும் குரல் கொடுத்தார்கள்.