கேட்கக் கூடாத கேள்விகள்

"எதற்கெடுத்தாலும் சட்டசபை எதற்கு, ஐயா? ஜனங்களையே நேரே கேட்டுவிட வேண்டியதுதானே!" என்றார் நண்பர், காப்பி டம்ளரைக் கீழே வைத்தபடி.

எனக்கும் அந்த எண்ணம் ஒரு காலத்தில் உண்டு. இத்தாலியின் அரசியல் சாசனத்தில் 75-ஆவது பிரிவைப் படித்த பிறகுதான் அது ஆட்டம் கண்டது. ஐந்து லட்சம் வாக்காளர்கள் கையெழுத்திட்டுக் கோரினால், ஒரு சட்டத்தை ரத்து செய்யலாமா என்று அங்கே நாடு முழுவதையும் கேட்கலாம். 1974-இல் விவாகரத்துச் சட்டத்தையே அப்படிக் கேட்டார்கள். வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 59 பேர், சட்டம் இருக்கட்டும் என்றார்கள். ஆனால் வரி, பட்ஜெட், கைதிகளுக்குப் பொது மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு, பிற நாடுகளோடு செய்த உடன்படிக்கை ஆகியவை பற்றிய சட்டங்களை மட்டும் கேட்கக் கூடாது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. விவாகரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவனுக்கு வரியைப் பற்றித் தெரியாதா? பிறகு அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். வீட்டு வரியை எடுத்துவிடலாமா என்று ஒரு சீட்டை நீட்டினால், எனக்குத் தெருவிளக்கு ஞாபகத்துக்கு வருமா? எங்கள் தெருவில் திருட்டு நடந்த மறுநாள் காலையில், சிறையில் இருப்பவனை விடலாமா என்று கேட்டால்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் விடமாட்டேன். பணம், கோபம், அயலானுக்குக் கொடுத்த வாக்கு. இந்த மூன்றிலும் மனிதன் தன்னை அதிகம் நம்பக் கூடாது என்றுதான் நான் அந்தப் பட்டியலை வாசிக்கிறேன்.

நண்பர் விடவில்லை. "ஸ்விட்ஜர்லாந்தைப் பாரும்!" என்றார்.

பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று அங்கே 1959-இல் கேட்டார்கள். யாரை? ஆண்களை. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கூடாது என்றார்கள். 1971-இல்தான் மனம் இளகியது. அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்ற சின்னஞ்சிறு மாநிலத்தில், உள்ளூர் விஷயங்களில் பெண்கள் வாக்களிக்கக் கூடாது என்று 1990 ஏப்ரலில்கூட ஆண்கள் திறந்த வெளியில் கூடிக் கை தூக்கினார்கள். வாக்குரிமைக்கு அடையாளமாக இடுப்பில் வாள் அணிவது அவர்கள் வழக்கமாம்! நவம்பரில் நீதிமன்றம் தலையிட்டுத்தான் வழி பிறந்தது. அந்த ஆண்கள் கெட்டவர்கள் அல்லர். தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தரலாமா வேண்டாமா என்று அவர்களைக் கேட்டதுதான் தவறு.

நண்பர் சற்று யோசித்தார். "அந்த இத்தாலியப் பட்டியலை எழுதியது யார்?"

"1946-இல் தேர்ந்தெடுத்த சபை. இத்தாலியப் பெண்கள் பாராளுமன்றத்துக்கு ஒப்பான ஒரு சபைக்கு முதன்முதலில் வாக்களித்த தேர்தல் அது. 556 உறுப்பினர்கள்."

"அதில் பெண்கள்?"

"21 பேர்."

உள்ளேயிருந்து என் மனைவி, "எத்தனை பேர் என்றீர்கள்?" என்று கேட்டாள்.