உடைமையும் பேணலும்: பழைய மோட்டார் வண்டி குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாவது எப்போது என்ற வினாவுக்குச் சட்டம் எளிதாக விடை கூறிவிடுகின்றது. விலை கொடுக்கப்பட்டுப் பதிவேட்டில் பெயர் மாறியதும் பழைய உரிமையாளர் நீங்குகின்றார். புதியவர் அவ்விடத்தைப் பெறுகின்றார். அறவியலுக்கு இவ்விடை போதுமானதன்று. உரிமையுடன் கூடவே வந்து சேரும் கடமை யாது, அது பொருளுக்கு ஆற்றும் கடமையா, பிறருக்கு ஆற்றும் கடமையா, இவ்விரண்டும் முரணும்போது எதற்கு முதலிடம் என்பன அங்கே எழும் வினாக்கள். பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலாளரான ஜோன் லொக், உழைப்பைக் கலப்பதனாலேயே ஒரு பொருள் ஒருவருக்கு உடைமையாகின்றது என்றார். கெட்டழியுமுன் பயன்கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் எவரும் எடுத்துக்கொள்ளலாகாது என்று ஓர் எல்லையையும் அவர் வகுத்தார். முதற் கருத்தைப் பெரிதும் பேசிய உலகம் இரண்டாவதை அவ்வளவாக நினைவிற் கொள்ளவில்லை. ஒரு பொருளைக் கெடவிடுபவர், அதன்மீது தமக்குள்ள உரிமையின் ஒரு பகுதியையும் இழக்கின்றார் என்பது அவ்வெல்லையிலிருந்து பெறப்படும் முடிபாகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்குப் பழைய விளையாட்டு மோட்டார் வண்டி தக்கதோர் எடுத்துக்காட்டு. அது உணவும் உடையும் போல இன்றியமையாத பொருளன்று. சுவரில் மாட்டிய ஓவியம் போல வெறும் அலங்காரமுமன்று. அது எரிபொருளை உண்கின்றது. புகையைப் பொதுவான காற்றில் விடுகின்றது. பிறர் நடக்கும் வீதியில் ஓடுகின்றது. உரிமையாளரின் கவனம் குறைந்தால் அக்குறையை மறைக்காது வெளிக்காட்டியும் விடுகின்றது. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜீ.பி. என்னும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சினையும் இரட்டைக் காபரேற்றர்களையும் உடைய இவ்வகை வண்டிகள் ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றை அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், திருக்கோவிலை அடுத்துள்ள வினாயகபுரத்தைச் சேர்ந்த ஒருவர் புதிதாக வாங்குகின்றார் எனக் கொள்க. அவர் பெற்றது ஓர் இன்பம்; அதனோடு அவர் ஏற்றுக்கொண்டது எதை என்பதே ஆய்வுக்குரியது.

ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாகக் கிடக்கும் நிலம் அது. உப்புக் கலந்த காற்று இரும்பைத் தின்னும் வேகத்தை அக்கரையோர மக்கள் தத்தம் கதவுப் பிணைச்சல்களிலும் துவிச்சக்கர வண்டிகளிலும் நாள்தோறும் காண்கின்றனர். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஈரம் மாதக்கணக்கில் நீங்குவதில்லை. இத்தகைய சூழலில் ஒரு பழைய வண்டியைப் பேணுவதற்குப் பெருஞ்செலவைவிட இடையறாத சிறு கவனங்களே தேவைப்படுகின்றன. வண்டியின் அடிப்புறத்தை நன்னீரால் கழுவி உலர்த்த வேண்டும். கதவுகளின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகள் அடைபடாது பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஒயிலின் அளவையும் றேடியேற்றர் நீரையும் புறப்படுமுன் நோக்க வேண்டும். காபரேற்றரின் மேற்கிண்ணத்தில் உள்ள சிறிதளவு எண்ணெயும், முன்சக்கரங்களைத் தாங்கும் மூட்டுக்களுக்கு இடும் கிறீசும் மறக்கப்படலாகாதவை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய ஒயில் வெப்பத்தில் விரைவாகக் கொதித்து, மிதித்த பிரேக் பிடிக்காமற் போகக்கூடும். ஆதலின் ஈராண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது நன்று. டயரின் பள்ளங்கள் தேயாதிருப்பினும் அதன் இறப்பர் முதுமையால் வெடிக்கும். இவற்றுள் எதுவும் கடினமானதன்று. எதையும் ஒரே நாளில் செய்து முடித்துவிடவும் இயலாது. பேணல் என்பது ஒரு செயல் எனப்படுவதைவிட ஒரு பழக்கம் எனப்படுவதே பொருந்தும். நற்பண்புகள் பயிற்சியினால் உருவாகும் பழக்கங்களே என்று அரிஸ்டோட்டில் கூறியதன் உண்மை இவ்விடத்துத் தெளிவாகும்.

இனி எரிபொருள் பற்றிய வினாவுக்கு வரலாம். இலங்கையில் 92, 95 என்னும் ஒக்டேன் எண்களையுடைய பெற்றோல்கள் விற்கப்படுகின்றன. விலை கூடியது நல்லது, ஆகவே விரும்பும் வண்டிக்கு அதையே ஊட்ட வேண்டும் என்பது புதிய உரிமையாளர் பலரின் எண்ணம். இவ்வெண்ணம் ஒக்டேன் என்பதன் பொருளை அறியாமையினால் எழுவது. எஞ்சினின் உருளைக்குள் காற்றும் பெற்றோலும் கலந்த கலவை அழுத்தப்படும்போது வெப்பமடைகின்றது. தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை வந்து சேருமுன் அக்கலவையின் ஒரு பகுதி தானாகவே பற்றிக்கொள்ளுமாயின், கராஜ் தொழிலாளர் 'நொக்' என்று கூறும் தட்டல் ஒலி எழும். அது தொடர்ந்தால் எஞ்சினுக்குக் கேடு. அவ்வாறு முந்தி எரியாது அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் ஆற்றலையே ஒக்டேன் எண் குறிக்கின்றது. அது பெற்றோலின் வலிமைக்கு அளவாகாது. அதன் பொறுமைக்கே அளவாகும். ஏறத்தாழ 7:1 என்ற அழுத்த விகிதமுடைய 1950களின் சிறிய வண்டி ஒன்றுக்கு 95 ஒக்டேன் ஊட்டுவதனால் யாதொரு பயனும் இல்லை. 8.8:1 என்ற விகிதமுடைய எம்.ஜீ.பி.க்கோ அது பொருத்தமானது. அதன்மேலும் தட்டல் கேட்பின் தீப்பொறி விழும் நேரத்தைச் சிறிது பின்தள்ள வேண்டியிருக்கும்.

அரிஸ்டோட்டில் நடுநிலையை விளக்குமிடத்து மைலோ என்னும் மல்லனைக் குறிப்பிடுகின்றார். அவனுக்குப் போதாத உணவு, பயிற்சியைத் தொடங்கும் இளைஞனுக்கு மிகையாகும். நடு என்பது எல்லார்க்கும் ஒன்றாகிய கணித நடு அன்று. அவரவர் இயல்பை நோக்கி அறியப்படுவது. எரிபொருள் தேர்விலும் இதுவே நெறி. விலையுயர்ந்ததை ஊட்டுபவர் பெரும்பாலும் தம் பெருமிதத்துக்கே ஊட்டுகின்றார். வண்டியின் தேவையை அறிந்து ஊட்டுபவரோ, தம் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு வேறொன்றின் இயல்புக்குச் செவிசாய்க்கின்றார். அன்பின் பெயரால் அளவு மிஞ்சிக் கொடுத்தல் பிள்ளை வளர்ப்பிலும் காணப்படும் பிழையே.

இதுவரை கூறியது வண்டியின் நலனும் பிறர் நலனும் மோதாத நிலை. அவை மோதிய வரலாறும் உண்டு. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பார், ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் பெற்றோலின் தட்டல் நீங்கும் எனக் கண்டறிந்தார். அவ்வீயத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. பழைய இரும்புத் தலையுடைய எஞ்சின்களில், புகை வெளியேறும் வால்வு அமரும் இருக்கையின்மேல் அது மெல்லிய படலமாகப் படிந்து, தேய்வைத் தடுத்தது. எஞ்சினுக்கு அருமருந்தான அதே ஈயம் மனிதருக்கு நஞ்சு. 1924இல் நியூ ஜேர்சி மாநிலத்தில் அதனைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் மாண்டனர். அதன்பின்னும் பல பத்தாண்டுகள் உலகின் வீதிகளெங்கும் அது புகையாகப் பரவியது; வளரும் குழந்தைகளின் மூளையை அது தாக்குகின்றது என்பது பின்னர் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. பிரித்தானியா 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இலங்கை 2002இலும் ஈயப் பெற்றோலைக் கைவிட்டன. உலகில் இறுதியாக 2021இல் அல்ஜீரியா அதன் விற்பனையை நிறுத்தியது.

ஈயம் நீங்கியதனால் பழைய வண்டிகளின் உரிமையாளருக்கு ஒரு குறை நேர்ந்தது உண்மையே. கடுமையாக ஓட்டப்படும் பழைய எஞ்சினில் வால்வு இருக்கை மெல்ல மெல்லத் தேய்ந்து உள்வாங்கும். அதற்குப் பரிகாரங்கள் இரண்டு. ஈயமில்லாத பாதுகாப்புக் கலவை ஒன்றைப் பெற்றோலில் சேர்ப்பது ஒன்று. எஞ்சினின் தலையைக் கழற்றிக் கடினப்படுத்திய புதிய இருக்கைகளைப் பொருத்துவது மற்றொன்று. இரண்டுக்கும் பணமும் உழைப்பும் வேண்டும். முன்பு வீதியோரக் குழந்தை தன் அறிவால் செலுத்திய விலையை, இப்போது உரிமையாளர் தம் பையிலிருந்து செலுத்துகின்றார். உரிமையின் இன்பத்தை நுகர்பவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நீதி இங்கு தன் இடத்தை அடைந்தது எனலாம்.

வால்வு இருக்கையை மாற்றினால் வண்டி தன் மூல இயல்பை இழந்துவிடாதா என்று வினவுவோர் உளர். பழைய வண்டிகளை விரும்புவோரிடையே மூலப் பாகம் என்பதற்கு ஏறக்குறைய ஒரு புனிதமே உண்டு. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் பழைய கப்பல்தானா என்ற வினாவைப் புளூட்டாக் பதிந்து வைத்தார். கீழைத்தேயத்தில் நாகசேனர் மிலிந்த மன்னனுடன் நிகழ்த்திய உரையாடலும் ஒரு தேரைப் பற்றியதே. அச்சும் தேரன்று, சக்கரமும் தேரன்று, பாகங்களின் கூட்டுக்கு வழங்கும் பெயரே தேர் என்பது அவர் காட்டிய வழி. இக்கருத்தை ஏற்பின், பாகம் மாறுவதனால் வண்டி அழிவதில்லை. அதன் தொடர்ச்சியைக் காப்பது தலைமுறைதோறும் கைமாறிவரும் கவனமேயாகும். இறக்குமதி இறுக்கமாக இருந்த 1970களின் முற்பகுதியில் இலங்கையின் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும், உள்ளூர்த் தொழிலாளர் கடைந்தும் ஒட்டியும் தந்த பாகங்களால் உயிர்வாழ்ந்தன. அவை தம் பெயரை இழக்கவில்லை.

எரிபொருள் தேர்வின் மற்றொரு முகத்தை வடபுலத்தின் அண்மைக்கால வரலாறு காட்டுகின்றது. போரும் பொருளாதாரத் தடையும் சூழ்ந்த 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது அரிதாயிற்று. அங்குள்ள பழைய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவது வழக்கம். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. எஞ்சின் தட்டும், புகை கக்கும், எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலின் தன்மையைக் கெடுக்கும். பேணல் நூல்கள் அனைத்தும் விலக்கும் செயல் அது. எனினும் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற வண்டிக்கு அவ்வெண்ணெயை ஊட்டியவரைத் தவறிழைத்தவர் என்று எவரும் கூறார். பொருளைப் பேணுதல் ஓர் அறமாயினும் அது அறங்களுள் முதன்மையானதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2022இல் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது இவ்வினா மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த பங்கீட்டின்படி தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றரும் வழங்கப்பட்டன. வாடகை ஓட்டிப் பிழைப்பவருக்கும் மாலைக் காற்று வாங்கப் புறப்படுபவருக்கும் இடையே ஒரு கார் என்ற அளவில் வேறுபாடில்லை. சட்டம் வேறுபடுத்தாததை மனச்சாட்சி வேறுபடுத்த வேண்டும். பற்றாக்குறைக் காலத்தில் விளையாட்டு வண்டியின் உரிமையாளர் தம் பங்கை எடாது விடுவது எவரும் கட்டளையிடாத கடமையாகும். அப்போதும் அவரது பேணற் பணி ஓய்வதில்லை. நின்றுகிடக்கும் வண்டியின் தாங்கியில் நாட்பட்ட பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும், பற்றரி வலுவிழக்கும், டயர் ஓரிடத்தில் தட்டையாகும். இவற்றைப் பார்த்துக்கொண்டு ஓட்டாதிருத்தல், ஓட்டிக்கொண்டு பார்த்துக்கொள்வதைவிடக் கடினமான பயிற்சி.

உயிரற்ற ஒரு பொருளுக்கு இத்துணைக் கவனம் தேவைதானா, அதனை மனிதர்க்குச் செலுத்தலாகாதா என்ற தடை ஈற்றில் எழும். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. வண்டியின் கீறலுக்கு வருந்தி வேலையாளின் காயத்தைக் காணாதவர் எவ்வூரிலும் உளர். கான்ட் என்னும் ஜேர்மானிய மெய்யியலாளர், பொருள்களுக்கு நேராக ஆற்றும் கடமை எதுவும் மனிதனுக்கு இல்லை என்றே கருதினார். எனினும் அழகியவற்றை வீணே அழிக்கும் இயல்பு மனிதனின் அறவுணர்வை நலியச் செய்யும் என்பதனால் அதனை அவர் விலக்கினார். இக்கருத்தின்படி பேணல் பொருளின் வழியாக மனிதரையே நோக்குகின்றது. பிரேக்கைச் சரிபார்த்தவர், அக்கரைப்பற்றுச் சந்தியில் தெருவைக் கடக்கும் ஒரு முதியவருக்கு, அவரை அறியாமலே, தம் கடமையைச் செய்துவிடுகின்றார். நொக் ஒலியைக் கேட்டறியப் பழகிய செவி, வீட்டில் உள்ளோரின் குரலில் உண்டாகும் மாற்றத்தையும் கேட்க வல்லதாகலாம். அவ்வாறாகாவிடின் அப்பழக்கம் வெறும் பொழுதுபோக்காகவே எஞ்சும்.

கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் ஊர்களின் பேச்சில் அமானிதம் என்றொரு சொல் வழங்குகின்றது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பது அதன் கருத்து. அமானிதத்தைப் பெற்றவர் அதனைப் பயன்படுத்தலாம், பாழாக்கலாகாது, கேட்கப்படும்போது கணக்குச் சொல்ல வேண்டும். விலை கொடுத்து வாங்கிய பொருளையும் இவ்வாறு கருதுவதே உடைமை பற்றிய அறவியலின் சாரம் எனலாம். அரை நூற்றாண்டைக் கடந்த வண்டி ஒன்று இன்றைய உரிமையாளரிடம் வந்தது, முன்பு பலர் அதனைக் கெடவிடாது காத்தமையினாலேயே. அடுத்துப் பெறுபவரும் வீதியில் எதிர்ப்படுபவரும் அதே காற்றைச் சுவாசிப்பவரும் அவரிடம் கணக்குக் கேட்க உரிமை உடையவர்கள். அக்கணக்கை அஞ்சாது காட்டக்கூடியவருக்கே அவ்வண்டி முழுமையாக உரியதாகின்றது.