மனாவுஸ் சுவரில் எழுதிய கணக்கு

பிரேசிலின் மனாவுஸ் துறைமுகத்தில் ஒரு சுவர் இருக்கிறது. அமேசானில் கலக்கும் ரியோ நீக்ரோ ஆறு எந்த ஆண்டு எவ்வளவு உயரம் ஏறியது என்று அதில் வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். 1902 முதல் இங்கே நீர்மட்டத்தை அளந்து வருகிறார்கள். அமேசானை அறிய விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியது இந்த எண்களைத்தான் என்பேன்.

இந்த ஆறு ஓராண்டுக்குள்ளேயே ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்கும். மூன்று மாடி உயரம்! ஜூன் மாதம் மரக்கிளைகளுக்கு நடுவே படகு போகும். மீன்கள் காட்டுக்குள் புகுந்து, உதிர்ந்த பழங்களைத் தின்னும். அக்டோபரில் அதே இடத்தில் மணலில் நடக்கலாம். இதற்குக் காடும் மீனும் மனிதரும் பழகியவர்கள்தாம். பழக்கத்துக்கு அப்பால் போகும் ஆண்டுகளே கவலை தருபவை.

மழைக்கான ஈரத்தை அட்லாண்டிக் காற்று கொண்டுவருகிறது. ஆனால் அது ஒருமுறை பெய்ததோடு தீர்ந்துவிடுவதில்லை. 1970களில் எனேயாஸ் சலாட்டி என்ற பிரேசில் அறிஞர் மழைநீரிலுள்ள ஆக்சிஜனை ஆராய்ந்தார். கனமான ஆக்சிஜன் உள்ள நீர் முதலில் கொட்டிவிடும். எனவே கடலை விட்டு மேற்கே போகப் போக மழையில் அது வெகுவாகக் குறைய வேண்டும். அவ்வளவு குறையவில்லை. பெய்த மழையை மரங்கள் உறிஞ்சி மீண்டும் வானுக்கு அனுப்புகின்றன. வடிநிலத்து மழையில் ஏறக்குறைய பாதி இப்படித் திரும்பி வருவது என்று அவர் கணக்கிட்டார். காட்டை வெட்டினால் மழையும் குறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

மீதிக் கடிவாளம் கடல்களிடம். நம் தென்மேற்குப் பருவமழையைப் பலமுறை கெடுக்கும் அதே எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறுவது, அமேசானிலும் மழையைக் குறைக்கிறது. வட அட்லாண்டிக் சூடேறினால் மழைப்பட்டை வடக்கே நகர்ந்து, தெற்கு அமேசான் காயும். 2005 வறட்சி அப்படி வந்தது. 2023இல் இரண்டும் சேர்ந்துகொண்டன.

சராசரியை மட்டும் பார்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். சுவர் அப்படி மறைப்பதில்லை. 1953இன் 29.69 மீட்டர் வெள்ளம் அரை நூற்றாண்டுக்கு மேல் முதலிடத்தில் இருந்தது. 2009, 2012, 2021, 2022 என நான்கு வெள்ளங்கள் அதைத் தாண்டிவிட்டன, 2021இல் 30.02 மீட்டர். மறுபக்கம், 1963இன் 13.64 மீட்டர் தாழ்வை 2010 ஒரு சென்டிமீட்டரில் முந்தியது. 2023இல் 12.70 மீட்டருக்கு இறங்கியது.

அப்போது மனாவுஸ் அருகே, நீருக்கடியில் கிடந்த பாறைகளில் செதுக்கிய மனித முகங்கள் வெளியே தெரிந்தன. என்றோ ஒரு காலத்தில் ஆறு இவ்வளவு வற்றியபோது யாரோ உட்கார்ந்து செதுக்கியவை. வறட்சி இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. அது அடுத்தடுத்து வரும் வேகம்தான் புதிது.

1902 முதலான பதிவில் மிக உயர்ந்த மட்டம் 2021இல். மிகத் தாழ்ந்தது 2024இல். இடையில் மூன்றே ஆண்டுகள்.