கழுமரத்தை வரைந்தது யார்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் எனக்குத் தேவாரம்தான் துணை. ஏகம்பத்தைப் பாடிய அப்பர் எங்கள் வீட்டு மனிதர் மாதிரி. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினான். எல்லாம் சமணர் பேச்சைக் கேட்டுச் செய்தது என்கிறது பெரியபுராணம். அதைப் படித்துக் கண் கலங்காத சைவர் உண்டா?

அதே பெரியபுராணம்தான், மதுரையில் சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறியதையும் சொல்கிறது. அங்கே நாம் அழுவதில்லை. மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்துச் சுவரிலும் ஆவுடையார்கோயிலிலும் வண்ணம் தீட்டி வைத்தோம். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றிலேகூட கழுவில் இரு துறவிகள் இருப்பதாக வரலாற்றாய்வாளர் சி. மீனாட்சி எழுதியிருக்கிறார். நீலகண்ட சாஸ்திரி மதுரைக் கதையை வரலாறாக ஏற்கவில்லை. சம்பந்தரே தம் பாட்டில் அதைச் சொல்லவில்லை. நடக்கவே இல்லையென்றால் நமக்கு இன்னும் கேவலம். செய்யாத கொலையைச் செய்ததாக அல்லவா பெருமை பேசியிருக்கிறோம்!

இங்கே வரைந்தது வென்ற பக்கம். யூதர்களிலோ பட்டவர்களே பாடினார்கள், பட்டவர்களே வரைந்தார்கள். எருசலேம் கோயில் இடிந்த நாளை நினைத்து வருடாவருடம் நோன்பிருந்து, தரையில் அமர்ந்து புலம்பல் படிக்கிறார்கள். 1096இல் ரைன் நதிக்கரையில் சிலுவைப் போராளிகள் வெட்டிப்போட்டவர்களுக்கான பாட்டும் பிற்பாடு அதே வரிசையில் சேர்ந்துகொண்டது. 1903இல் கிஷினேவில் யூதர்களைக் கொன்ற படுகொலைக்குப் பிறகு கவிஞர் பியாலிக் அங்கே போய், பிழைத்தவர்கள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்தார். அவர் எழுதிய கவிதை கொன்றவனோடு நிற்கவில்லை. ஒளிந்துகிடந்து பார்த்த தன் ஆட்களையும் ஏசியது, கடவுளையும் விடவில்லை. 1938இல் யூத ஓவியர் ஷகால் வரைந்த 'வெள்ளைச் சிலுவை'யில் எரியும் தொழுகைக்கூடமும் தப்பியோடும் மக்களும் இருக்கிறார்கள். நடுவே சிலுவையில் இயேசு. இடுப்பில் வேட்டிபோல யூதரின் தொழுகைச் சால்வை. தறிக்காரன் கண் முதலில் அந்தச் சால்வையின் கறுப்புக் கரையில்தான் போய் நிற்கும். கொன்றவர்கள் கும்பிடும் சாமியும் எங்கள் ஆள்தான் என்று அந்தக் கரை சொல்லிவிடுகிறது.

வேகவதிக்கு அக்கரையில் திருப்பருத்திக்குன்றம், சமணர்களின் ஜினகாஞ்சி. அங்கே திரைலோக்கியநாதர் கோயிலில், 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தில், அண்ணாந்து பார்த்தால் தீர்த்தங்கரர்களான ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் கதைகள் ஓவியமாக, தமிழ்க் குறிப்புகளோடு. பிறப்பு, நீராட்டு, துறவு என்று போகின்றன. கழுமரம் இல்லை. அந்த எண்ணாயிரத்தைச் சமணர் யாரும் பாடியதாகவும் தெரியவில்லை.

மன்னிப்பவன் மறந்துவிட வேண்டும் என்பது அவர்கள் மதமோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. இல்லை என்று கழுகுமலைப் பாறை சொல்கிறது. தவத்தில் நிற்கும் தீர்த்தங்கரர் பார்சுவநாதர் மேல் போடப் பாறையை ஓங்கும் அவர் பகைவன் கமடனை அங்கே செதுக்கியிருக்கிறார்கள். அவனே கீழே காலடியில் பணிந்தும் கிடக்கிறான். ஓங்கிய கையை அவர்கள் மறைக்கவில்லை. ஆனால் அவனைப் பாறையும் கையுமாக மட்டும் விட்டுவிடவும் இல்லை. பியாலிக்கின் கோபத்துக்கு இங்கே இடமில்லைதான். எனக்கென்னவோ இரண்டும் வேண்டும் என்றுதான் படுகிறது. கொன்றவன் தானாக வந்து காலில் விழுந்த கதையை வரலாற்றில் நான் அதிகம் படித்ததில்லை.

சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் ஏசும். காலத்துக்கு ஒவ்வாது, விட்டுவிடலாமே என்பார்கள். நான் விடுவதில்லை. அப்பர் பட்டதை நினைத்து அழுகிற சைவன், தன் பக்கத்து வாய் பேசியதையும் தெரிந்துதான் ஓத வேண்டும். ஆனால் கழுவேற்றத்தைத் திருவிழாவாக்கி மேளம் தட்டுவது எனக்கு ஒப்பாது. வாதில் தோற்றவனைக் கொன்றுதான் சிவன் பெரியவன் என்று காட்ட வேண்டுமா?