வஞ்சித்தவனின் பொருளும் அமானிதமே

கொடுக்கல் வாங்கலில் ஏமாந்துவிட்டால், ஏமாற்றியவரிடமிருந்து கொஞ்சம் கூடுதலாக எடுத்துக் கொள்வது குற்றமல்ல என்று நம்மில் பலர் கருதுகின்றனர். ‘அவன் செய்த அநியாயத்துக்கு இது எம்மாத்திரம்?’ என்று மனம் சமாதானம் சொல்லிக் கொள்கிறது. மார்க்கத்தின் தராசில் இந்தச் சமாதானம் நிற்குமா?

அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி, தன் டீசல் கார்கள் சுத்தமானவை என்று கூறி விற்றது. சோதனையின்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தி, சாலையில் அதைத் தளர்த்தி விடும் தந்திரம் அவற்றின் கம்ப்யூட்டரில் ஒளிந்திருந்தது. நைட்ரஜன் ஆக்ஸைடு என்னும் நச்சு வாயு சட்ட அளவைப்போல் 40 மடங்கு வரை வெளியேறியது. 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. 2016 அக்டோபரில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி, கம்பெனி அக்கார்களைத் திரும்ப வாங்கியது. குட்டு வெளிப்படுமுன் இருந்த மதிப்பையும், முன்பே வாங்கியிருந்தோருக்குக் குறைந்தது 5,100 டாலர் ஈட்டுத் தொகையையும் கொடுத்தது.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருக்கக் கண்டு, விற்றவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். மறைத்து விற்ற குறைக்காகப் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஷரீஅத்தும் வழங்கியுள்ளது. ஆகவே, காரைத் திருப்பிக் கொடுத்ததில் தவறில்லை.

ஆனால், கார் தன் எஞ்சினால் ஓடி வந்தால் போதும் என்றிருந்த விதியைப் பிடித்துக் கொண்டு, சிலர் கதவுகளையும் இருக்கைகளையும் கழற்றிக் கொண்டு எலும்புக்கூட்டை ஒப்படைக்க முற்பட்டனர். உடன்படிக்கையின் நோக்கம் இதுவல்ல என்று 2016 டிசம்பரில் நீதிபதியே எச்சரிக்க நேர்ந்தது.

‘நாங்கள் எதையும் மறைக்கவில்லையே, கதவில்லாதது கண்ணுக்குத் தெரிகிறதே’ என்று அவர்கள் கேட்கலாம். மறைக்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும், வாங்குபவர் மறுக்க முடியாத நிலையில் நிற்கும்போது, அவர் பேசாதிருப்பது பொருத்தமாகாது. இரு தரப்பின் மனப் பொருத்தத்தையன்றோ குர்ஆன் வியாபாரத்துக்கு நிபந்தனையாக்குகிறது! முழுக் காருக்கும் விலை பெற்றவர் வீட்டில் அதன் கதவு இருந்தால், அது யாருடைய பொருள்? அவரே சொந்தச் செலவில் பொருத்திய பாட்டுப் பெட்டியை எடுத்துக் கொள்வது வேறு விஷயம். வாங்கியவர் கையில் பொருளுக்குப் புதிய குறை ஏற்பட்டால், விற்றவர் சம்மதமின்றி அதைத் திருப்ப முடியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் சட்டம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேற்று வாங்கியவர் இன்று விற்பவராகிறார். கம்பெனிமீது சாட்டிய அதே நீதி, இப்போது அவர் முன் நிற்கிறது. நமக்குத் துரோகம் செய்தவருக்கும் நாம் துரோகம் செய்யலாகாது என்பது நபிகளாரின் போதனை. பிறர் செய்த மோசடிக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் அவரே. நம் கைகள் எடுத்ததற்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் நாம்.

காரண்டியில் மாற்றித் தரும் மின்விசிறியோ மிக்ஸியோ, நம் வீடுகளிலும் இச்சோதனை வரும். உரிமையைத் தயங்காமல் கேட்போம். அதற்கு மேல் ஒரு திருகாணியும் வேண்டாம். ஹலாலைக் கொண்டு போதுமாக்கிக் கொள்ளும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.